வலப்பக்கத்து டிராக்டர்

பீடோங் கிளினிக்கில் மிஸ்ஸி நோர்ஹயாத்தி
என் மணிக்கட்டில் மூன்று முறை தேடினாள்.
கையை விடாமலே முகத்தைப் பார்த்தாள்.
மலாயில் சொன்னேன்:
நாடி இருக்காது, வீணாகத் தேடாதே.
பையில் பச்சை விளக்கு எரிகிறதா பார்,
எரிந்தால் நான் இருக்கிறேன்.

தோளில் இரண்டு பைகள்.
இடப்பக்கத்துக்கு ஒன்று என்றால்
யாரும் கேள்வி கேட்பதில்லை.
"வலப்பக்கத்துக்கு எதுக்கு இன்னொன்னு?"
மளிகைக்கடைத் தௌக்கேகூடக் கேட்டுவிட்டார்.

பதினேழு வருஷம்
செம்பனை ஆலை எடைமேடையில் சீட்டு எழுதினவள்.
எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்ல வரும்.
குலை ஏற்றி வரும் டிராக்டர் தோட்டத்தைத் தாண்டாது.
எண்ணெய் ஏற்றும் டேங்கர் பிறைத் துறைமுகம் வரை போகும்.
டேங்கருக்குப் புதுப் பெயிண்ட், ஏர்கான், ஓட்டுநருக்குத் தொப்பி.
டிராக்டருக்குச் சேறு.

வலப்பக்கம் டிராக்டர்.
பக்கத்து நுரையீரல் வரைக்கும்தான் அதன் பாடு.
அது ஒரு நாள் சகதியில் உட்கார்ந்துவிட்டால்
டேங்கர் வெறும் வயிற்றோடு வாசலில் நின்று உறுமும்.

உறுமியது.
இடப்பக்கம் பம்பு வைத்த மூன்றாம் நாள்
இழுக்க இழுக்க ரத்தம் வரவில்லை அதற்கு.
வந்ததெல்லாம் வந்த வழியே திரும்பி
கால், வயிறு, கழுத்து நரம்பு என்று
மதகு அடைத்த தோட்டத்துக் கால்வாயாய்த் தேங்கியது.
கோலாலம்பூர் டாக்டர் பாரத்தின் முதுகில் படம் போட்டு
பாதி விளக்கியிருப்பார்,
"டிராக்டர் வேணும்" என்றேன் முகமூடிக்குள்ளிருந்து.
அவருக்கு விளங்கவில்லை.
அருணகிரிதான் விளக்கினார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இப்போது ஐஸ்பெட்டிக் கதவில்
மின்வாரிய நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது:
வியாழன், ஒன்பதிலிருந்து இரண்டு வரை.
பட்டறை ஆ லியோங் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு
எட்டரைக்கே வந்துவிடுவான்.
காசு வாங்க மாட்டான்.
கறிபஃப்பில் உருளைக்கிழங்கு வேகவில்லை என்று
ஐந்து மணி நேரமும் குறை சொல்வான்.

இரவு
என் நெஞ்சில் காது வைக்கிறார் அருணகிரி.
துடிப்பு இல்லை. ரீங்காரம்.
இரண்டு ரீங்காரம், ஒன்று சற்றே தணிந்து.
"இதில் எது டிராக்டர்?"
விரலால் தட்டிக் காட்டினேன்.
அங்கேயே தூங்கிப்போனார்,
கேபிளுக்கு ஒரு சாண் தள்ளி, எச்சில் வடிய.

தலை நாலரைக் கிலோ இருக்கும்.
மூச்சு கொஞ்சம் முட்டுகிறது.
எழுப்பவில்லை.