வேலிக்கணக்கு

நைரோபியில் காவல் வேலை பார்க்கும் ஒம்பிமா
அரை மூட்டை உரத்துக்கு அனுப்பிய பணம்
பள்ளிக்கூடத்துக்குப் போனது.
தேர்வுக்கட்டணம் இரண்டு,
செருப்பு ஒரு ஜோடி.

கவோசா அரிவாளோடு
சாலையோரம் போனாள்.

விஹிகா மேடெங்கும்
காட்டுச் சூரியகாந்தி
கேட்பாரற்று நிற்கிறது.
ஆளுக்கு மேல் மஞ்சள்.
ஆடு முகர்ந்துவிட்டுத் தும்மும் கசப்பு.
காய்ச்சலுக்குக் கஷாயம்,
மற்றபடி வேலி.

இளந்தண்டோடு வெட்டினாள்.
கட்டினாள். சுமந்தாள்.
எட்டுக் கட்டுக்கு ஒரு பாத்தி மூடுகிறது.
பாத்திகள் இருபத்திரண்டு.
பெருக்கிப் பார்க்காதீர்கள்,
அவளும் பார்க்கவில்லை.

கொத்திய குழியில் தழையை மிதித்து
மேலே மண்ணை இழுத்துவிட்டாள்.
நான்காம் நாள் நாறியது.
பத்தாம் நாள் விரலை விட்டால்
எது இலை எது மண்
சொல்லத் தெரியவில்லை.
அன்றைக்குத்தான் மழையும் வந்தது.

"உரம் போட்டாயா?"
தொலைபேசியில் அவன்.
"போட்டேன்."
"எந்தக் கடை?"
"பக்கத்தில்தான்."

சோளத்தின் வேரை உறிஞ்சி
ஊதாப்பூ பூக்கிற களை
இந்த வருடமும் வந்தது.
குறைவாக வந்தது,
அதற்குமேல் சொன்னால் பொய்.
கீரைதான் ஏமாற்றவில்லை.
சுகுமா இலை ஒவ்வொன்றும்
முறம் அகலம், மசிக் கறுப்பு.
சந்தையில் பேரம் பேசாமல் எடுத்தார்கள்.

அதன் பிறகுதான்
ஊரின் கண் வேலிக்குத் திரும்பியது.

"இந்தப் பக்கம் சாய்ந்த கிளை என்னுடையது"
என்றாள் பக்கத்து நிலத்துக் ககேஹா.
பதினாறு வருடமாக
அந்தச் செடிக்கு அவள் வைத்திருந்த பெயர்
சனியன்.
தேவாலயத்து வேலியைப்
போதகர் எண்ணத் தொடங்கியிருந்தார்.

கவோசா சண்டைக்குப் போகவில்லை.
நாலு கணு விட்டுத் தண்டை நறுக்கி
மழை ஈரத்தில் சாய்த்து நட்டாள்,
தன் வரப்பில் பன்னிரண்டு,
ககேஹா வரப்பில் பதினொன்று.
ஒன்று குறைந்ததை
ககேஹா எண்ணிப் பார்த்துவிட்டாள்.
மறுநாள் அதையும் நட வேண்டியதாயிற்று.

ஈஸ்டருக்கு வந்த ஒம்பிமா
கொட்டகையைச் சுற்றி வந்தான்.
கோழி அடைக்க
உரச்சாக்கு ஒன்று வேண்டியிருந்தது.
"காலிச் சாக்கு எங்கே?"

கயிற்றையும் அரிவாளையும்
கையில் கொடுத்து
வேலியைக் காட்டினாள்.

மூன்றாவது கட்டில் உட்கார்ந்துவிட்டான்.
பிடரி முழுக்கக் கசப்புச் சாறு.
"மூட்டையே வாங்கியிருக்கலாம்" என்றான்.

இருக்கலாம்.
பிள்ளை அந்தச் செருப்பை
மண் படாமல் கையில் தூக்கிக்கொண்டு
பாத்தி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.
நான்காவது கட்டை அவளே தூக்கினாள்.
ஐந்தாவதற்கு
அவன் எழுந்து வந்தான்.