ஹெண்ட்ரிக்காவில் ஒரு சுண்டு அரிசி

கல்லடியில் காணி பார்க்கப் போன மனிசன்
பாலமீன்மடுவில் பன்னிரண்டு தொன் இரும்பு வாங்கி வந்தார்.
"படுக்க அஞ்சு கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் இருக்கு புள்ள,
வீடுதான்."
அத்திவாரம்? என்றேன்.
"இருக்கு. தண்ணிக்குக் கீழ. ஈயம்."

போன மாரியில் முகத்துவாரம் திறந்து கிடந்தபோது
ஒல்லாந்தில் இருந்து உள்ளே வந்த பாய்ப்படகு.
வந்த குடும்பம் இறால் வாங்கித் தின்றது, படம் எடுத்தது,
பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கப்போகுது என்று
பிளேனில் போய்விட்டது.
கச்சானில் மணல் வந்து வாயை மூடியது.
தெற்கே போனால் கல்லடிப் பாலத்தில் பாய்மரம் இடிக்கும்.
அதனால்தான் மலிவு.
மலிவு என்றால் காணிக் காசும்
என் பதினெட்டுப் பவுணும்.

பின்பக்கத்தில் ஹெண்ட்ரிக்கா என்று பெயர்.
பெயின்ட் இல்லை, வெல்டிங் வைத்தே எழுதிய எழுத்து.
மூன்று கோட் நீலம் அடித்தார்.
ஒவ்வொரு வெயிலிலும் மேடாக எழும்பி வந்தாள்.
"ஆர் அக்கா இவ?" என்று கேட்டாள் என் தங்கச்சி.
கிரைண்டரோடு வந்த ஆன்சலம் செல்லர்
தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.
"இதச் சீவினாத் தகடு மெலியும்.
பேரும் இரும்பும் ஒண்டாப் போச்சு."

அவர் சுத்தியலால் தட்டித் தட்டிப் போக
டிங், டிங், டிங்,
வெண்கட்டியோடு பின்னால் என் மகள் கேஷாயினி.
டொக் என்ற இடமெல்லாம் வட்டம்.
பதினொரு வட்டம்.
கக்கூசின் அடியில் ஒன்று, சாப்பாட்டுத் தட்டளவு.
அதில் வெட்டி எடுத்த துண்டை வெயிலுக்குப் பிடித்தேன்,
ஊசித் துளைகளால் வானம் தெரிந்தது.
ஆறு மாதம் அதன்மேல் படுத்திருக்கிறோம்.
எங்களுக்கும் வாவிக்கும் நடுவில்
துருவும் பழைய பெயின்டும்தான்.

ஒரு இரவு தகட்டில் காதை வைத்துக் கிடந்தவர்
எல்லோரையும் எழுப்பினார். "வாங்க வாங்க, மீன் பாடுது."
சின்னவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்
ஒரு சுவிட்சை அணைத்தான்.
பாட்டு நின்றது.
பம்ப்.

கார்த்திகை முழுக்க மழை.
கச்சேரியில் கூட்டம், ஆற்றுவாயை வெட்டுவதா இல்லையா.
வயல்காரர் வெட்டு என்றார்கள், வேளாண்மை தாழுது.
மீன்காரர் பொறு என்றார்கள், இறால் போயிடும்.
இவர் பின் வாங்கில் இருந்து கையை உயர்த்தினார்.
"ஆறடி ஆழம் வேணும்."
எதற்கு என்றார்கள்.
சொன்னார்.
அந்தச் சிரிப்பு மழையைத் தாண்டி வெளியே வந்தது.
குடையோடு நின்ற நானும் சிரித்துவிட்டேன்.
மறுகா வீடு வரைக்கும் பேச்சில்லை.

வேளாண்மைக்காகத்தான் வெட்டினார்கள்.
மாசிப் பறுவத்துப் பெருக்கில்
வெளிச்ச வீட்டை இடப்பக்கம் விட்டுப் போனோம்.
அடி மணலில் உரசியது,
அலுமாரி இழுபடுகிற சத்தம்.
பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் ஆன்சலத்தின் பதினொரு ஒட்டையும் எண்ணினேன்.
ஏழில் இருக்கும்போது
ஒரு அலை வந்து தூக்கி விட்டது.

மறுகா பாய் ஏறியது. வீடு சரிந்தது.
கொப்பி, செருப்பு, சாமிப்படம், பல் துலக்கிகள்
எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தன.
அடுப்பு மட்டும்
இரண்டு ஆணியில் தொங்கிக்கொண்டு
நேரே நின்றது.
நான் சரிந்து நின்று
அதில் ஒரு சுண்டு அரிசி போட்டேன்.
உலைத்தண்ணி மட்டம் மாறவில்லை.
மேலே வடக்கு என்கிறார் இவர்,
வடகிழக்கு என்கிறான் சின்னவன்.
உப்பு எங்க வச்சீங்க என்று கத்தினேன்,
காற்று எடுத்துக்கொண்டு போனது.

பெட்டி பெட்டியாய்த் திறந்தேன். எல்லாம் ஒல்லாந்து எழுத்து.
மூன்றாவதில் ஒரு கண்ணாடிப் போத்தல்,
கட்டிபட்டுப்போன
அவளுடைய உப்பு.
கரண்டிக் காம்பால் சுரண்டிப்
போட்டேன்.