பின்னணி இரைச்சல்

முதல் காணொளியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
காரணம் ஒரே வரி:
பின்னணி இரைச்சல் அதிகம்.

சோமனூருக்கு வந்து சொல்லச் சொல்லுங்கள் அதை.
சுவருக்கு அந்தப்பக்கம் பதினாறு தறி.
நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
நிமிடத்துக்கு நூறு தடவைக்குமேல் போய்வரும்.
சொம்புத் தண்ணீரில் வளையம் எழும்.
குடிவந்த முதல் வாரம் நான் தூங்கவில்லை.
இப்போது நின்றால்தான் முழிப்பு வருகிறது.

ஜமுக்காளத்தை ஜன்னலில் ஆணியடித்துப் பார்த்தேன்.
பீரோவுக்குள் தலையை விட்டுப் பேசிப் பார்த்தேன்.
நேர்கோட்டு முறைத் தேய்மானம்
என் புடவைகளுக்கு நன்றாக விளங்கியது.

பிறகு ஒருநாள் பேப்பரில் கண்ணில்பட்டது:
துணைமின் நிலையப் பராமரிப்பு,
செவ்வாய், காலை ஒன்பது முதல் மாலை நான்கு.
முகூர்த்த நாளைப்போல் காலண்டரில் சுழித்துவைத்தேன்.

ஒன்பது பத்துக்குக்
கடைசித் தறி இரண்டு தட்டுத் தட்டி அடங்கியது.
எதிர்வீட்டில் கடுகு வெடிப்பது கேட்டது.
என் தொண்டையை நானே செருமிக் கேட்டேன்.
கரும்பலகை. கைபேசி. பேட்டரி எழுபத்தொன்று.

வணக்கம், நான் கருணாம்பிகை.
பாடம் பதினொன்று.
தறி ஒன்றின் விலை எண்பதாயிரம்.
ஆயுள் பத்தாண்டு.
கழிவு மதிப்பு எட்டாயிரம் எனில்...

ஏழாம் நிமிடத்தில் மயில் அகவியது.
வெட்டவில்லை.
மயிலை ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது.
தறிகள் வந்தன. மோடத்தின் பச்சைப்புள்ளி வந்தது.
பகலெல்லாம் சேர்த்த அமைதியை
இந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் ஏற்றவேண்டும்.

பன்னிரண்டு சதம். பத்தொன்பது.
நாற்பத்தொன்றில் அறுந்தது.
நூல் அறுந்தால் முடிச்சுப்போட்டு ஓட்டிவிடுவார்கள் பக்கத்தில்.
இது முதலிலிருந்து.
பாத்திரம் கழுவப் போகும்போது எண்பத்து மூன்று.
கழுவி, துடைத்து, கவிழ்த்து வந்தபோதும்
எண்பத்து மூன்று.
இரண்டு பத்துக்கு ‘ஏற்றப்பட்டது’ என்றது.
அந்நேரத்தில் யாரிடம் சொல்ல?

நான்கு நாள் ஒருவருமில்லை.
ஐந்தாம் நாள்,
பார்த்தவர்: 1.
ஒலி: அணைக்கப்பட்டது.
ஒன்பதாம் நிமிடத்தில் ஆறுமுறை நிறுத்தம்.

ஒலியை அணைத்துவிட்டு!
ஏழு மணிநேரம் ஊரே கரண்ட் இல்லாமல் இருந்து கொடுத்ததை!
அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட மறந்தேன்.

சனிக்கிழமை ரீசார்ஜ் கடையில்
புருவமெல்லாம் பஞ்சோடு ஒருத்தி முகத்தை உற்றுப் பார்த்தாள்.
“ஏனுங் டீச்சர், அந்த ஒம்பதாவது நிமிசத்துல
ஏழாயிரத்து எரநூறுங்களா, எழநூறுங்களா?
உங்க கை மறைக்குதுங்.”

துளசிமணி. சுவருக்கு அந்தப்பக்கம்
ராஷிஃப்ட்டில் நாலு தறி பார்க்கிறவள்.
தபால்வழி பி.காம்., ரெண்டாம் வருசம்.
தறிக்கட்டையில் போனைச் சாய்த்துவைத்து
நூல் அறாத நேரமாகப் பார்த்து ஓட்டுவாளாம்.
“சத்தம் எதுக்குங், உள்ள எப்பிடியும் கேக்காது.
எழுதறதப் பாத்துக்குவேன்.”

போகிறபோது திரும்பிவந்தாள்.
“அப்பறம் அந்த எட்டாயிரம் தப்புங்.
போன மாசம் மொதலாளி ரெண்டு தறிய ஒடச்சு
இரும்புக்குப் போட்டாரு.
ஒண்ணுக்கு இருவதாயிரம் வந்துச்சு.
நாந்தான் எடைபோடக் கூடப் போனேன்.”

அன்றிரவே பலகையை அழித்தேன்.
தறிகள் ஓட ஓடப் படம்பிடித்தேன்.
எழுத்து உள்ளங்கை அகலம்.
எழுதி முடித்ததும் ஒதுங்கி நின்று
பத்து எண்ணினேன்.
கழிவு மதிப்பு இருபதாயிரம்.
ஆண்டுத் தேய்மானம் ஆறாயிரம்.
ஒலித்தடத்தை முழுக்க எடுத்துவிட்டேன்.
இரைச்சல் என்று சொல்ல இனி அவர்களிடம் ஒன்றுமில்லை.
மயில்தான் பாவம்.

மணி ஒன்றே கால்.
அந்தப்பக்கம் அவள் தறி எது என்று
காதை வைத்துப் பார்த்தேன், பிரியவில்லை.
இந்தப்பக்கம்
எண்பத்து மூன்றில் நிற்கிறது.