பெட்ரோல் பங்கில் கைமாறும் நோட்டு

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு
லெப்பாவிர்த்தா பெட்ரோல் பங்கில்,
டயருக்குக் காற்றடிக்கும் எந்திரத்தின் பக்கம்,
இரண்டு கார்கள் வந்து நிற்கும்.
ஒன்றிலிருந்து நாப்பி குதிக்கும்,
மற்றதில் ஏறிக்கொள்ளும்.
பின்னாலேயே அதன் கம்பளி, பாதி மூட்டை தீனி,
நீல அட்டை போட்ட நோட்டு.
நானும் மர்யுத்தும்
"ரோடு எப்படி?" "பரவாயில்லை"
என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.
மிச்சமெல்லாம் நோட்டில்.

முதல் பக்கம் பிப்ரவரி. அவள் எழுத்து:
"நடைபாதையெல்லாம் உப்பு கொட்டியிருக்கிறார்கள்.
வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவு.
விரலிடுக்கைப் பிரித்துப் பார்.
நீ பார்க்கமாட்டாய்."
பார்த்தேன்.
இடது பின்னங்காலில், மயிருக்குள்,
மணிமணியாய் உறைந்திருந்தது பனி.
ஒவ்வொன்றாய் என் உள்ளங்கைச் சூட்டில் கரைத்தேன்.
அதை எழுதவில்லை.

ஏப்ரலில் என் முறை:
"காதுமடலுக்குப் பின்னால் உண்ணி. மிளகளவு.
நசுக்காமல் நேராக இழுத்தேன். தலையோடு வந்துவிட்டது."
அதற்கடியில் பென்சிலில், "நல்லது."
அந்த ஒற்றைச் சொல்லைத்
தேவைக்கு மேல் சிலமுறை வாசித்தேன்.

மே மாதம் அவள் எழுத்து கோணிக் கிடந்தது.
"வெயில் காய்ந்த பாறையில் விரியன்.
மூக்கில் கடித்தது.
நடந்தால் விஷம் ஏறும், நடக்கவிடவில்லை.
பதினெட்டுக் கிலோவைத் தூக்கிக்கொண்டு
ஒன்றரைக் கிலோமீட்டர் காடு.
இரவு முழுக்க டிரிப்ஸ். காலையில் வால் அசைந்தது.
உன்னைக் கூப்பிட நினைத்தேன்."
கடைசி வரியை அடித்திருந்தாள்,
படிக்க முடிகிற மாதிரி.

ஜூலையில் ஏரி பட்டாணி சூப் ஆனது.
பச்சைப் பாசி, நக்கினாலே ஆபத்து.
தண்ணீரென்றால் உயிர் நாப்பிக்கு.
கரையில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தது.
கயிற்றைத் தளர்த்தாமல் நின்ற பத்து நிமிஷமும்
இந்த உலகத்திலேயே கெட்டவன் நான்தான்.

"பத்தொன்பது கிலோ இருநூறு.
சாசேஜ் யார் கொடுத்தது?"
"யாருமில்லை" என்று எழுதினேன்.
எங்களுக்குள் எழுதப்பட்ட
முதல் பொய்யல்ல அது.

அக்டோபர்.
என் கோட்டுப் பையிலிருந்த சைலிடால் சூயிங்கம் டப்பா
பல் பதிந்து, திறந்து, தரையில்.
நமக்குப் பல்லுக்கு நல்லது, நாய்க்கு நஞ்சு.
மண்டியிட்டு எண்ணினேன்.
முப்பதில் இருபத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
மூன்றாம் முறை எண்ணும்போதுதான் உறைத்தது
மிச்சம் ஒன்றை நானே மென்றுகொண்டிருப்பது.
அன்றிலிருந்து என் கோட்டு
எனக்கே எட்டாத ஆணியில் தொங்குகிறது.

நவம்பருக்கு ஒரே வரி:
"மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது, மினுங்கும் சட்டையை மறக்காதே, இரண்டு பேருமே போடுங்கள்."

டிசம்பர் கடைசி ஞாயிறு.
"முப்பத்தொன்று உன் முறை. வெடிச் சத்தம்.
ஜன்னல் இல்லாத அறை இருக்கிறதா உன்னிடம்?"
காருக்குள் உட்கார்ந்தே படித்தேன்.
என் வாடகை வீட்டில் கழிவறைக்குக்கூட ஜன்னல்.
கண்ணாடியை இறக்கி, இல்லை என்றேன்.
பனியைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றாள்.
"என் சௌனாவுக்கு ஜன்னல் கிடையாது."
நோட்டுக்கு வெளியே அவள் சொன்ன
அந்த வருஷத்தின் நீளமான வாக்கியம்.

அடுப்பு மூட்டாத சௌனாவில்
கம்பளி விரித்த கீழ்ப்பலகை.
நடுவில் நாப்பி, இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவள்.
வானொலியில் யாரோ
வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
பன்னிரண்டுக்கு ஊர் வெடித்தது.
நாப்பி நடுங்கியது. நாலு கைகள் அதன் முதுகில்;
அவளுடையதும் என்னுடையதும்
ஒன்றையொன்று தொடாமல் இருக்க
மிகவும் கவனமாயிருந்தன.
பிறகு அவ்வளவு கவனமாயில்லை.

சத்தம் ஓயும் நேரம்
ஸ்வெட்டர் பையிலிருந்து
சாசேஜ் துண்டொன்றை எடுத்து
அதன் வாயில் வைத்தாள் மர்யுத்.
நான் பார்த்ததைப் பார்த்தாள்.

ஜனவரிப் பக்கத்தில்
அதையும் நான் எழுதவில்லை.