திங்கட்கிழமையையும் ஏற்றிக்கொண்டு

சனி இரவு பின் சீட்டைக் கழற்றுவேன்.
பன்னிரண்டு நம்பர் சாவி, நாலு போல்ட்.
அடியில் யாரோ ஒரு பிள்ளையின் தடுப்பூசி அட்டை,
இரண்டு ரம்புட்டான் கொட்டை,
போன மாதம் தேடிக் களைத்த வால்வ் மூடி.
சீட்டை ஹோலில் வைத்தால்
ரெஜினோல்ட் அதில் சாய்ந்து கிரிக்கெட் பார்ப்பார்.
"வீட்டுக்கு சோபா வந்திட்டுது" என்பார்,
ஒவ்வொரு முறையும் புதுப் பகிடி மாதிரி.

ஸ்டார்லெட், தொண்ணூற்றொன்று.
பதிவுப் புத்தகத்தில் எனக்கு முன்னால் ஐந்து பேர்.
உவர்மலைக் காற்று கதவின் அடிவிளிம்பைத் தின்கிறது.
நஸ்ரூன் வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்கிறான்.
"மிஸ், கடல் சும்மா இருக்காது."
நானும்தான்.

சீட் இருந்த இடத்தில் நாலு டயர்.
கதவில் கறுப்பு டேப்பால் நாற்பத்தேழு.
நாலு நேராக வரும்,
ஏழு எப்படி ஒட்டினாலும் சாயும்.

கந்தளாய் தாண்டி ஒரு பழைய ஓடுபாதை.
வெடிப்புகளில் தொட்டாற்சுருங்கி,
செம்மஞ்சள் கூம்புகள், நேரம் எழுத ஒரு கூடாரம்.
ட்ரெய்லரில் கார் கொண்டுவந்தவர்கள்
குடைக்குக் கீழ் மோர் குடிக்கிறார்கள்.
வந்த டயரைக் கழற்றி ஓடும் டயரைப் பூட்டுகிறேன்,
முழங்காலில் தார் அச்சு.

கொடி விழுந்தது.
என்ஜின் பல்லில் கேட்கிறது.
இரண்டு வளைவுக்குள்
கை என்னைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது.
வால் விலகும். பிடிப்பேன். இன்னும் விலகும்.
விட்டால் தானே திரும்பி வரும்.
கடைசி வளைவில் வடிகாலுக்கு ஒரு முழம் முன்
தார் முடிந்துபோகும்.
தினுகவின் சிவிக் அங்கே கால் எடுப்பதில்லை.
எனக்கு,
குச்சவெளி கிளினிக் எட்டரைக்கு.
கால் எழும்பியது.
நான் எழுப்பவில்லை.

பத்தில் மூன்று வினாடி.
தினுக சிரித்துக் கை தந்தான்.
நல்ல பிள்ளை.
அவன் காருக்குத் திங்கட்கிழமை கிடையாது.

இருட்டில் வீடு. போல்ட் நாலு.
ரெஜினோல்ட் எழும்பமாட்டேன் என்று அடம்பிடித்து
எழும்பினார்.

பந்தய பிரேக் குளிரில் பிடிக்காது.
ஏழு மணி இறக்கத்தில்
இடக்காலால் மெல்லத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வருகிறேன்.
பஸ் நிலையத்தடியில் நடுவீதியில் ஒரு புள்ளிமான்,
வாயில் பொலித்தீன் பை, அவசரமேயில்லை.
மிதித்தேன்.
முதலில் ஒன்றும் நடக்கவில்லை,
பிறகு எல்லாம் நடந்தது.
மீன் விற்பவர், சைக்கிள்காரர், டியூசன் பிள்ளைகள்
கிறீச்சென்ற திசைக்குத் திரும்பினார்கள்.
மான் திரும்பவில்லை.
பக்கத்துச் சீட்டில்
நேற்று ஹெல்மெட் இருந்த இடத்தில்
பெல்ட் கட்டிய தடுப்பூசிப் பெட்டி.
திறந்து வெப்பமானி பார்த்தேன்: ஐந்து பாகை.
என்னுடையது கூட இருந்திருக்கும்.

சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி.
கல்லுப்போல் ஸ்பிரிங், ஒவ்வொரு வேகத்தடையையும்
கோணலாக ஏறிக் கோணலாக இறங்குகிறேன்,
வளைவு வரும்போதெல்லாம்
மனசு ஒரு கோடு கீறிப் பார்க்கிறது.
எதிரே மணல் டிப்பர்.
கோட்டை அழித்துவிட்டு ஓரமாகப் போகிறேன்.

கிளினிக் வாசலில் சம்சுன் நிசா,
எட்டாம் மாதம், கைவிசிறி.
"மிஸ், உங்கட கார் ஏன் அழுவுது?"
பிரேக் என்றேன்.
"ஓட்டத்துக்குப் போனீங்களாமே, எத்தனையாவது?"
நாலாவது.
"எத்தனை பேரில?"
அதைக் கேட்காதீங்க, கையை நீட்டுங்க, பிரஷர் பார்ப்பம்.

நூற்றுப்பத்துக்கு எழுபது. நல்லம்.
அவளுடைய மூத்தவன் வெளியே
கதவில் டேப் உரித்த பசையைத் தடவி
விரலை முகர்ந்து பார்க்கிறான்.
தூசி ஒட்டி இலக்கம் இப்போதும் தெரிகிறது.
நாலைப் படித்துவிட்டான்.
ஏழுக்குக் கழுத்தைச் சாய்க்கிறான்.