கம்பி அருவி

பெலோட்டாஸில் ஜூலை. மழை சாய்ந்து பெய்கிறது.
பகல் முழுக்க இருட்டறையில் நான் கேட்டது ஒரே கேள்வி:
இந்த லென்ஸா, இதுவா, எதில் எழுத்து நிற்கிறது?
வீட்டுக்கு வந்தால் ஜுரேமா அதையே என்னிடம் கேட்கிறாள்,
தரையில் மண்டியிட்டு,
தொலைக்காட்சியின் முதுகுக்குப் பின்னால் தலையை விட்டபடி:
"இப்ப வருதா? இப்ப?"

வந்தது. கறுப்புவெள்ளையில்.
சந்தையில் நாற்பது ரியாலுக்கு எடுத்த பெட்டி.
அடியில் யாரோ ஆணியால் கீறிய பெயர்: வால்மோர்.
வால்மோரின் பெட்டி அதன் காலத்து வழக்கில் வண்ணம் சொல்கிறது.
ஐம்பத்தைந்து அங்குலத் திரை
புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுச் சாம்பலைக் காட்டுகிறது.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று,
கடைசிப் படியில் ஒளிந்திருந்தது பால்-எம்.
தொட்டதும் வானம் நீலமானது.
பசுவைத்தான் எங்கும் காணோம்.

சூரியன் முட்டையாக இருந்தது.
வீரனுக்கு இடுப்பு பெருத்திருந்தது.
இழுத்து விரித்த படத்தை நாலுக்கு மூன்றாய் மடித்தேன்.
"காசு கொடுத்த திரையில் கால்வாசி இருட்டா?" என்றாள்.
அவள் தாவச் சொன்னாள்;
அவன் யோசித்துவிட்டுத் தாவினான்;
அதற்குள் பள்ளம்.
மெருகேற்று, இரைச்சல் நீக்கு, அசைவை மென்மையாக்கு,
எல்லாவற்றையும் அணைத்தேன்,
கல்யாணம் முடிந்த மண்டபத்தில் விளக்கணைப்பவன்போல.

நிழல் மட்டும் வரவில்லை.
ஒரு சட்டத்தில் இருந்து மறு சட்டத்தில் இல்லாமல் போய்
மின்னி மின்னியே உண்டாகிற நிழல் அது.
இந்தத் திரை இரண்டிரண்டு சட்டங்களை ஒன்றாய்த் தைக்கிறது.
தையலில் நிழல் போய்விட்டது.
பேய்க்குக் கால் இல்லை என்பார்கள்.
இவனுக்குக் கால் இருந்தது.

குரிச்சீபாவிலிருந்து அஞ்சலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது,
நான்கு தீப்பெட்டி சேர்த்து அடுக்கிய அளவு.
விலை சொல்ல மாட்டேன், ஜுரேமா இதைப் படிப்பாள்.
மஞ்சள் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன்.
இனி சிவப்பு தனி, பச்சை தனி, நீலம் தனி.
நிழல் திரும்பி வந்து காலடியில் ஒட்டிக்கொண்டது.
ஒவ்வொரு கட்டமாக எண்ணலாம்,
வீரனின் மீசை மூன்றே கட்டம்.
ரசீதை மறைத்துவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்தேன்.

மூன்றாம் உலகத்தில் ஒரு அருவி வரும்.
அருவி வரவில்லை.
ஒரு கோடு வெள்ளை, ஒரு கோடு வெற்று,
ஒரு கோடு வெள்ளை, ஒரு கோடு வெற்று.
பின்னால் வீரன் நின்றான்,
கம்பி எண்ணிக்கொண்டு.

"மஞ்சளில் இது தண்ணியா இருந்துச்சே" என்றாள்.

இருந்தது.
வரைந்தவனுக்குத் தெரியும்: கம்பி கலங்கும்,
கலங்கினால் கோடுகள் ஒன்றில் ஒன்று கரையும்,
கரைந்தால் நீர்.
பாதி அருவியை அவன் வரைந்தான்.
மீதியைக் கம்பியின் குறையிடம் கொடுத்துவைத்தான்.
நான் அந்தக் குறையை எடுத்துவிட்டேன்,
அதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளம்.

எறிந்த கம்பியைத் தேடலாமா என்று எழுந்தபோது
ஜுரேமா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.
இடது மைனஸ் ஐந்தேகால், வலது மைனஸ் நாலரை,
நான் அளந்து கொடுத்ததுதான்.
"ஹா" என்றாள். "விழுது பார்."

எனக்குக் கண் நன்றாக இருக்கிறது, என்ன செய்ய.
கைப்பையிலிருந்து சோதனை லென்ஸ்களை எடுத்தேன்,
பிளஸ் ஒன்றரை இரண்டு,
பார்வையை வேண்டுமென்றே மங்கச் செய்ய வைத்திருப்பவை.
இரு கண்ணுக்கும் பிடித்தேன்.
மீசை போனது. மதிப்பெண் போனது.
வால்மோர் பார்த்திருக்கக்கூடிய தண்ணீர்
கம்பிகளிலிருந்து மெல்ல இறங்கியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ.
அருவிக்கடியில் எதுவோ ஒரு பச்சை அவனை நோக்கி வந்தது.
நண்டா, தவளையா, இருவருக்கும் தெரியவில்லை.
"தாவு, தாவு" என்று கத்தினாள்,
கத்திக்கொண்டே தரையைத் தடவினாள்,
நானும் முழங்கையால் தடவினேன்,
கன்ட்ரோலர் எங்கே என்று.