பதினான்கு பொந்துகள்

கூட்டக் குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
"பிப்ரவரி ஒன்பது. வருகை இருபத்து மூன்று.
களஞ்சியத்தின் தெற்குச் சுவர் பற்றி விவாதம்.
தீர்மானம் நிறைவேறியது."

தெற்குச் சுவர் என்றால்
குவாதியானா ஆற்றைப் பார்த்து நிற்பது.
மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி எழுப்பி
மேலே சுண்ணாம்பு பூசியது.
கோதுமை மூட்டை அங்கே இறங்கி எழுபது வருடம்.
இடிக்க நகராட்சி நாள் குறித்த வாரம்
மருந்துக்கடை மேசையில் கையெழுத்துப் போட்டு
சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினோம்.
ஆளுக்கு மாதம் இரண்டு யூரோ.
தராதவர்கள் பெயரும் என்னிடம் இருக்கிறது.

மானியம் வர ஆறு வருடமாயிற்று.
ஜூன் முப்பதுக்குள் வேலையை முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும்.
கொத்தனார் குஸ்தோதியோ
சுண்ணாம்பை நீற்றி மூன்று மாதம் ஊறப்போட்டிருந்தார்.
தயிராட்டம் ஆகிவிட்டது என்று
போகிறவர் வருகிறவருக்கெல்லாம்
விரலில் வழித்துக் காட்டினார்.

அப்போதுதான் வல்லூறுகள் வந்தன,
ஆப்பிரிக்காவிலிருந்து, வருடம் தவறாமல்.
வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரர்போல
எட்டிப் பார்த்துவிட்டு
ஒவ்வொன்றும் தன் பொந்துக்குள் போயிற்று.

ஒதீலியா எழுந்தாள்:
"ஒரு பொந்தைக்கூட அடைக்கக் கூடாது."
பொருளாளர் அதெலினோ கண்ணாடியைக் கழற்றினார்:
"சுவர் விழுந்தால், அம்மா,
பொந்தும் கூடவேதான் விழும்."
வியாழக்கிழமைகளில் உள்ளே நின்று பாடும் ஆண்களுக்காக
ஜசிந்தோ பேசினான்:
"சுவர் இப்போது குரலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு
மிச்சத்தைத் தருகிறது.
அடைத்துவிட்டால்
எல்லாவற்றையும் முகத்தில் திருப்பி அடிக்கும்."
யாரோ சிரித்தார்கள்.
யாரோ எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார்கள்.

பதினொன்று. பதினொன்று.
மிச்சம் நான்.

சுவருக்காக நான் இதில் சேரவில்லை.
விவாகரத்துக்குப் பிறகு
செவ்வாய்க்கிழமை மாலைகள் நீண்டுகொண்டே போயின;
சங்கம் கூடுவது செவ்வாய்.
இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

கதவோரம் நின்ற குஸ்தோதியோவுக்கு வாக்கில்லை,
அவர் உறுப்பினர் அல்ல.
கேட்காமலே சொன்னார்:
"அது பறவை போட்ட ஓட்டை இல்லை.
சாரம் கட்டியவன் கம்பு செருகிய ஓட்டை.
என்றைக்காவது எவனாவது
மறுபடி சாரம் கட்டுவான் என்று
அடைக்காமல் விட்டுப் போயிருக்கிறான்.
இருந்தபடியே வேண்டும் என்றால்
ஓட்டையோடு சேர்த்துத்தான் இருந்தபடி."

என் கை மேலே போனது.
எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

வேலை ஆகஸ்டுக்குத் தள்ளியது.
மானியத்தின் கடைசித் தவணை வரவில்லை,
நாலாயிரத்து இருநூறு யூரோ.
அந்தத் தொகையை அதெலினோ உச்சரிக்காத கூட்டம்
இன்றுவரை நடக்கவில்லை.
குஸ்தோதியோ கூலியை மூன்று தடவையாக வாங்கினார்,
ஒரு தடவை ஆலிவ் எண்ணெயாக.

அலென்தேஜு வெயிலில்
குஞ்சுகள் பறந்து போன பொந்துகளிலிருந்து
வெட்டுக்கிளிக் கால்களை, இறகுத் துணுக்குகளை,
எந்தக் காலத்துக் கோதுமையோ, இரண்டு மணிகளை
ஒதீலியா உறைகளில் போட்டுத் தேதி எழுதினாள்.
பிறகு பதினான்கிலும் கம்பு செருகினார் குஸ்தோதியோ.
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன.
யாரும் கைதட்டவில்லை. சூடு அப்படி.

சுவர் நிற்கிறது.
ஜசிந்தோ குழுவின் கட்டைக்குரல்காரர் ஒருவர்
ஒலி முன்னைப்போல் இல்லை என்கிறார்;
அவருக்குக் காது மந்தம் என்கிறார்கள் மற்றவர்கள்.

இந்த வருடம் ஐந்து பொந்தில்தான் குடி.
ஏன் என்று ஒதீலியாவுக்கும் தெரியவில்லை.
ஒரு சோடி மட்டும்
வாசலுக்கு மேலே, சங்கத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னால்
முட்டையிட்டிருக்கிறது.

பலகை வெளுத்துவிட்டது, வண்ணம் பூச வேண்டும் என்பது
அடுத்த கூட்டத்தின் இரண்டாம் பொருள்.
'ஒத்திவைக்கப்பட்டது' என்று
இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.